குழந்தைவேலு வீட்டு வண்டி

கொஞ்சம் மெதுவாவே போங்க தம்பி. நமக்கொண்ணும் அவசரமில்லீங்க. ரெக்கவரி வண்டிக்காரங்க எல்லாருமே இப்படித்தான் போல, பின்னாடி காலியா இருந்தா பறக்கறீங்க. பல்லடம் தாண்டிட்டோம், இனி குண்டடம் வந்துரும், அங்கிருந்து உள்ள திரும்பினா ஊரு. வழியில நல்ல டீக்கடை ஒண்ணு இருக்குது, நிறுத்துங்க. இப்பத்தான் குடிச்சோம்ங்கறது எனக்குந் தெரியும். இன்னொண்ணு குடிச்சா என்ன கெட்டுப்போச்சு?

உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. அந்தக் காரை வாங்கறதா வேண்டாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணலீங்க. சிரிக்காதீங்க. முடிவு பண்ணாமயா ரெக்கவரி வண்டியைப் புடிச்சுட்டு வர்றீங்கன்னு நீங்க கேக்கறது நியாயந்தான். காலையில கெளம்பறப்ப எங்கூட்டுக்காரி சாந்தாமணியும் அதையேதான் கேட்டா. "எழவு வீட்டு வண்டி நம்ம வாசல்ல வந்து நிக்கோணுமா? துக்கத்துக்குப் போயி நீங்க பேசிட்டு வந்த பேச்சு பத்தாதா?"ன்னா. செருப்பைப் போட்டுட்டு வந்துட்டேன்.

என்ன வண்டின்னு கேட்டீங்களே, சொல்றேன். ஸ்டாண்டர்டு ஹெரால்டு தெரியுமுங்களா? உங்க வயசுக்குத் தெரியாது. அந்தக் காலத்துல மெட்ராஸ்லயே செஞ்ச காரு. அதுல பானெட்டு மட்டும் தனியாத் தொறக்காது. மட்காடு, லைட்டு எல்லாத்தோடயும் சேர்ந்து மொத்த மூஞ்சியும் முன்னாடி கவுந்துக்கும். டயர் மேல உக்காந்துட்டே இஞ்சின்ல வேலை பாக்கலாம். அதுலயே பின்னாடி கூண்டை நீட்டி, பின்கதவை மேல தூக்கற மாதிரி கொஞ்ச வண்டி விட்டாங்க. கம்பேனியன்னு பேரு. ஹெரால்டாவது அங்கொண்ணு இங்கொண்ணு கெடைக்கும். கம்பேனியனை நான் கண்ணால பாத்தது இது ஒண்ணுதானுங்க. படத்துல பாத்ததை விடுங்க.

எனக்கு இந்தக் கிறுக்கு கல்யாணத்துக்கு முந்தியே புடிச்சது. கோயமுத்தூர் கணபதியில மோட்டார் பம்பு கடை வெச்சிருக்கேன், கடைக்குப் பின்னாடியே சின்னதா ஒரு பட்டறை. ஒரு மாரிஸ் மைனரைக் குப்பையிலிருந்து எடுத்து ஓட விட்டிருக்கேன். ஜனவரியானா பழைய காருங்க ஊர்வலம் நடக்குமில்ல, அதுல வருசா வருசம் போவேன். மாரிஸ் மைனரு அங்க ஏழெட்டு நிக்கும். நம்ம வண்டியை யாரு பாக்கறாங்க? ஒரு கம்பேனியனைக் கொண்டு போயி நிறுத்தினா வாற கூட்டமெல்லாம் அதைச் சுத்தித்தான் நிக்கும். அந்த ஆசை எனக்கு இன்னைக்கு நேத்து வந்ததில்லீங்க.

வண்டி குழந்தைவேலுவோடது. அவனும் நானும் பாலிடெக்னிக்ல ஒரே பெஞ்சு. படிச்சு முடிச்சுட்டு அவன் தோட்டத்துக்குப் போயிட்டான், நான் கடைக்கு வந்துட்டேன். அவங்கப்பா காலத்துல வாங்கின காரு. அவரு போனப்பறம் அவன் ஓட்டினது கொஞ்சந்தான். ஷெட்டுல நிறுத்தினது நிறுத்தினதுதான். ஆயுதபூஜைக்கு மட்டும் கழுவி, சந்தனம் வெச்சு, பூசணிக்காய் சுத்தி ஒடைப்பான். ஒவ்வொரு வருசமும் நான் கேப்பேன். "நாச்சிமுத்து, நான் இருக்கற வரைக்கும் அதைக் கேக்காதடா"ம்பான். சிரிச்சுட்டேதான் சொல்லுவான், நானும் சிரிச்சுக்குவேன். ஆனா மனசுக்குள்ள ஒரு கணக்குப் போட்டுக்கிட்டேன் பாருங்க. இருக்கற வரைக்கும் கேக்காதன்னா, அப்பறம் கேக்கலாம்னுதான?

தப்புத்தான். அப்படி நெனச்சது தப்புத்தான். ஆனா நெனப்பு நாம கூப்புட்டா வருது?

போன வருசம் அவனுக்குக் கிட்னி போயிருச்சு. தாராபுரத்துல ஆஸ்பத்திரி, வாரத்துக்கு ரெண்டு வாட்டி ரத்தம் சுத்தம் பண்ணோணும். நான் போயி பாக்கலைன்னு எவனும் சொல்ல முடியாதுங்க. ஞாயித்துக்கெழமையானா அவன் வீட்டுலதான் இருப்பேன். போனதும் நேரா ரூமுக்குள்ள போனா அவன் தூங்கிட்டிருப்பான், எழுப்பறது பாவம், அதனால மொதல்ல ஷெட்டுக்குப் போயிருவேன். ஒரு சுத்து பாத்து, அடியில படுத்து சேஸிஸ் எங்கெங்க துருப்புடிச்சிருக்குதுன்னு தட்டிப் பாத்துட்டு வருவேன். வர்றதுக்குள்ள சில நாளு அவன் முழிச்சு, பேசி, மறுக்காவும் தூங்கியிருப்பான். "இவ்வளவு நேரம் உங்களைத்தான் கேட்டுட்டிருந்தாருங்ண்ணா"ன்னு மயிலாத்தா சொல்லும். மயிலாத்தா அவன் சம்சாரம், எனக்குத் தங்கச்சி மாதிரி. என்ன பண்றதுங்க, சீக்காளியோட தூக்கம் அப்படி. அவன் நேரமும் என் நேரமும் ஒத்தே வரலை.

தை மாசக் கடைசியில போயிட்டான்.

எடுத்த அன்னைக்குக் கூட்டத்தோட கூட்டமா நின்னுட்டு வந்துட்டேன். துக்கம் கேக்கன்னு மொறையாப் போனது அடுத்த வாரம். வாசல்ல பெஞ்சு போட்டு ஆம்பளைங்க உக்காந்திருந்தாங்க. கையைத் தொட்டுட்டு உக்காந்தேன். அங்க கால் கழுவற தொட்டி ஷெட்டுக்கு ஒட்டினாப்பல இருக்குதுங்க, அது என் குத்தமில்லை. கால் கழுவப் போனவன் கதவு தொறந்து கெடந்ததைப் பாத்து உள்ள போனேன். சும்மா ஒரு பார்வைதான். எல்லாம் அப்படியே இருந்துச்சு. லைட்டு வளையம், வைப்பரு, கண்ணாடி ஏத்தற கைப்புடி, சாம்பல் தட்டு, ஒண்ணு கொறையலை. ஒரு வண்டி அவ்வளவு வருசம் நின்னும் ஒரு சாமான் களவு போகாம இருக்குதுன்னா அது அதிசயமுங்க. பானெட்டைக் கவுத்துப் பாத்தேன். வெள்ளைச் சட்டையில மையாட்டம் ஆயில் பட்டுருச்சு. திரும்பி வந்து பெஞ்சுல உக்காந்தப்பறமும் என் நெனப்பெல்லாம் ஷெட்டுக்குள்ளதான் இருந்துச்சு.

கெளம்பறப்பத்தான் அது நடந்துச்சு. எந்திரிச்சேன். மயிலாத்தா நடைக்கதவுகிட்ட உக்காந்திருந்துச்சு. கையெடுத்துக் கும்புட்டு, "அப்ப நான் போயிட்டு வர்றனுங்க அம்மிணி"ன்னு சொல்லிப்போட்டேன்.

உங்க பக்கமும் இதே மொறைதான? திண்டுக்கல்லுன்னீங்க. கோயிலுக்குப் போற சனமோ சர்ச்சுக்குப் போற சனமோ, எழவு வீட்டுல எவனாச்சும் போயிட்டு வர்றேன்னு சொல்லுவானுங்களா? சொல்லிக்காம எந்திரிச்சுத்தான போவோம். இப்படியொரு காரியத்துக்கு அந்த வீட்டுக்கு இன்னொருக்கா வர்ற மாதிரி ஆயிறக்கூடாதுன்னுதான அப்படி வெச்சிருக்கறாங்க. சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரியும். நான் அறுவது வயசுல போயி அதைச் சொல்றேன். பெஞ்சுல இருந்தவங்க எல்லாரும் நிமிந்து பாத்தாங்க. உள்ளாற இருந்த ஒரு பொம்பளை "அட கடவுளே"ன்னது வாசல் வரைக்கும் கேட்டுச்சு. மயிலாத்தா மட்டும் தலையைத் தலையை ஆட்டுச்சு.

வாயில ஏன் அப்படி வந்துச்சுன்னா, நெசமாவே மறுக்கா வரணும்னு நெனச்சுட்டிருந்தேன். வண்டிக்கு.

அன்னையிலிருந்து எனக்கு ஒரே பயமுங்க, அந்த வீட்டுல இன்னொண்ணு ஆயிருமோன்னு. அடுத்த மாசமே அவங்க வீட்டுக் கன்னுக்குட்டி செத்துப்போச்சு. அப்பறம் கெணத்து மோட்டார் காயில் எரிஞ்சுது. சாந்தாமணி, "எல்லாம் உங்க வாய்தான்"னா. நானே போயி மோட்டாரை மாத்திக் குடுத்தேன், ஈச்சனாரி கோயில்ல தேங்காய் ஒடைச்சேன். அவன் மகன் சிவநேசன் பெங்களூர்ல இருக்கறான், அவனுக்குக் காய்ச்சல்னு சொன்னப்ப எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. ரெண்டு நாள்ல எந்திரிச்சுட்டான், சாதாரணக் காய்ச்சல்தான். ஆனா அந்த ரெண்டு நாளு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு வார்த்தைக்கு இவ்வளவான்னு ஆயிப்போச்சு.

டீக்கடை போயிருச்சுங்களா? பரவால்ல, போங்க.

சித்திரை மாசம் இருக்கும், மயிலாத்தா போன் பண்ணுச்சு. "அண்ணா, வண்டியோட ஜாக்கி ஒண்ணு ஒரலுக்குப் பின்னாடி கெடக்குதுங்க. உங்களுக்கு வேணுமான்னு கேட்டேன்"னு. வேணுமாவா? அந்த வண்டிக்குன்னு வந்த ஜாக்கி வேற எங்க போயித் தேடறது? அடுத்த ஞாயித்துக்கெழமையே போயிட்டேன். ஜாக்கியைத் தொடைச்சு வெச்சிருந்துச்சு. அரிசிம்பருப்பு சோறாக்கி, வாழையெலை போட்டு, சாப்புட்டுத்தான் போகோணும்னுச்சு. சாப்புட்டேன். அது எதுத்தாப்பல உக்காந்து தென்னைமரத்துக்கு வண்டு விழுந்த கதை, பேரன் இங்கிலீசு பாட்டுப் பாடற கதையெல்லாம் சொல்லுச்சு. நான் உம் கொட்டிட்டு ஷெட்டைப் பாத்துட்டிருந்தேன்.

அதுக்கப்பறம் இதே தொழிலாப் போச்சுங்க. பத்து நாளைக்கொருக்கா, ரெண்டு வாரத்துக்கொருக்கா ஒரு போன் வரும். "அண்ணா, லைட்டு மேல போடற வளையம் ஒண்ணு கெடைச்சிருக்குது." "அண்ணா, கண்ணாடி ஏத்தற கைப்புடி." "அண்ணா, வண்டிப் பேரு எழுதின தகடு." ஒவ்வொண்ணுக்கும் நான் கோயமுத்தூர்லிருந்து அவ்வளவு தூரம் போகோணும். போனா சோறு. சோறுன்னா பேச்சு. பேச்சுன்னா பொழுது சாயற வரைக்கும். என் கடையை யாரு பாக்கறது? அதை ஒரு நாளும் அந்தம்மா நெனச்சுப் பாக்கலை. எல்லாத்தையும் தேடி எடுத்து ஒரே சாக்குல கட்டிக் குடுத்தா ஆகாதா? வெலை ஏத்தறதுக்கு இப்படிப் பண்ணுதோன்னுகூட எனக்குத் தோணுச்சு. தோணினதைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

இன்னொண்ணும் எனக்கு ஒறைச்சுது. இந்தச் சாமானெல்லாம் துக்கத்துக்குப் போன அன்னைக்கு வண்டியிலயே இருந்துச்சே? வளையம் நான் பாத்தேன், கைப்புடி நான் பாத்தேன். எப்படி ஒரலுக்குப் பின்னாடியும் பரண் மேலயும் போச்சு? போயி வண்டியை உத்துப் பாத்தா, அங்கங்க ஸ்குரு இல்லாம ஓட்டை ஓட்டையா நிக்குது. பழைய இரும்புக்காரன் எவனோ கழட்டிட்டுப் போறான், போறப்ப பயந்து போட்டுட்டுப் போறான்னு நானே ஒரு கதை கட்டிக்கிட்டேன். அம்மிணிகிட்ட சொன்னதுக்கு, "அப்படியுமிருக்குமுங்ண்ணா"ன்னுச்சு. மறு வாரம் நானே ஒரு பூட்டு வாங்கிட்டுப் போயி ஷெட்டுக்குப் போட்டேன். நல்ல கனமான பூட்டு. ஒரு சாவி அதுகிட்ட, ஒரு சாவி என்கிட்ட.

அடுத்த தடவை போறேன், பூட்டு பூட்டினபடி இருக்குது. தொறந்தா வைப்பர் ரெண்டும் இல்லை.

அப்பத்தானுங்க மரமண்டைக்கு வெளங்குச்சு. பூட்டை ஒடைக்காம உள்ள போனது சாவி வெச்சிருக்கற ஆளு. நான் போகலை. அப்ப யாரு?

நேரா சமையக்கட்டுக்கே போயிட்டேன். "அம்மிணி, வைப்பரு எங்க"ன்னு கேட்டேன். மறைக்கலீங்க. உள்ள போயி நெல்லு போட்டு வெக்கற தகரப் பொட்டியைத் தொறந்து காமிச்சுச்சு. உள்ளார நெல்லு இல்லை. வைப்பரு, சாம்பல் தட்டு, பின்னாடி பாக்கற கண்ணாடி, சக்கரத்து மூடி நாலு, கதவுப்புடி, எல்லாம் குழந்தைவேலுவோட பழைய வேட்டியைக் கிழிச்சு ஒவ்வொண்ணா சுத்தி வெச்சிருந்துச்சு. இத்தனையும் அதுவே கழட்டியிருக்குது. கெணத்து மோட்டார் நட்டைக் கழட்டற ஸ்பேனரை வெச்சுக்கிட்டு, ஷெட்டுக்குள்ள தனியா உக்காந்து, ஒரு வண்டியையே பிச்சு எடுத்திருக்குது. ரெண்டு ஸ்குருவோட மரை போயிருந்துச்சு. பெயிண்டு கீறியிருந்துச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்.

கத்திட்டேன். அந்த வீட்டுல நான் சத்தம் போட்டதே இல்லை. "என்னம்மா நெனச்சுட்டிருக்கற, இது என்ன வெளையாட்டுச் சாமானா? ஒண்ணு ஒண்ணா காட்டி என்னை அலைக்கழிக்கறியே, நான் என்ன உனக்கு வேலை வெட்டி இல்லாதவனா?"ன்னேன். வாங்க போங்கன்னு பேசற வாயி, வா போன்னு போயிருச்சு.

மயிலாத்தா அழுகலீங்க. பொட்டியோட மூடியைப் புடிச்சுக்கிட்டே நின்னுச்சு. சொல்லுச்சு: "எல்லாத்தையும் ஒரே நாள்ல எடுத்துக் குடுத்துட்டா அப்பறம் எதுக்குண்ணா வருவீங்க? வருசம் திரும்பற வரைக்கும் நான் ஒரு வீட்டு வாசப்படி மிதிக்கக்கூடாது. துக்கத்துக்கு வந்த சனம் ஒருத்தர்கூட அப்பறம் எட்டிப் பாக்கலை. எல்லாரும் சொல்லிக்காம எந்திரிச்சுப் போனாங்க. நீங்க ஒருத்தருதான் வர்றேன்னீங்க."

எந்த வார்த்தைக்கு நான் இத்தனை மாசம் செத்துச் செத்துப் பொழைச்சேனோ, அதை அந்தம்மா பத்திரமா வெச்சிருந்திருக்குது. சரி, அத்தோட வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமில்ல? கோபம் இன்னும் தணியலை, கீறின பெயிண்டு கண்ணு முன்னாடி நிக்குது. "நான் வண்டிக்காகச் சொன்னேன் அம்மிணி"ன்னுட்டேன்.

ஆமாங்க. அப்படியேதான் சொன்னேன்.

"தெரியுமுங்ண்ணா"ன்னுச்சு. "உங்க சட்டையில ஆயிலைப் பாத்தனே. எதுக்கா இருந்தா என்ன, வந்தீங்கல்ல."

நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க. என்னைப் பாக்காதீங்க.

நான் அன்னைக்குச் சாப்புடாம வந்துட்டேன். அது நடந்து ஒரு மாசம் இருக்கும். அப்பறம் அதுகிட்டயிருந்து போனே வரலை. எனக்கும் பண்றதுக்கு மூஞ்சியில்லை. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் சாப்பாட்டுக்கு உக்காந்தா பாதியில எந்திரிச்சுடறேன். சாந்தாமணிகிட்ட இந்தச் சண்டையைச் சொல்லலை. சொன்னா அவளே பஸ் ஏறி மயிலாத்தாளைப் பாக்கப் போயிருவா, அப்பறம் எல்லாம் வெளிய வந்துரும்.

போன வாரம் சிவநேசன்தான் பேசினான். "அங்கிள், அம்மா அந்த வண்டியைக் குடுத்துரலாம்னுட்டாங்க. மெட்ராஸ்ல ஒருத்தரு நெட்டுல போட்டோவைப் பாத்துட்டு உடனே எடுத்துக்கறேங்கறாரு. ஆனா மொதல்ல உங்களைக் கேக்கச் சொன்னாங்க. உங்களுக்கு வேணும்னா ஞாயித்துக்கெழமைக்குள்ள எடுத்துக்கங்க, இல்லைன்னா அவருக்குக் குடுத்துடறேன்"னான். வெலைப் பேச்செல்லாம் போன்லயே முடிஞ்சுது. கடைசியா ஒண்ணு சொன்னான். "அம்மா உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க அங்கிள், வண்டியை அங்கயே ஷெட்டுல வெச்சு நீங்க வேலை பாக்கறதா இருந்தாலும் அவங்களுக்குச் சம்மதமாம். கரண்டு இருக்குது, தண்ணி இருக்குதுன்னாங்க."

நான் யோசிக்கறேன்னேன். யோசிச்சேன். இன்னைக்கு வண்டி புடிச்சுட்டு வர்றேன்னு மட்டும் நேத்து அவன்கிட்ட சொல்லி வெச்சேன், இப்பவும் யோசிச்சுட்டுத்தான் வர்றேன்.

நீங்களும் அதையேதான் சொல்றீங்க. அங்கயே வெச்சு ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை போயி பண்ணலாமேன்னு. சொல்றது சுலபமுங்க. ஓரத்துத் தகடெல்லாம் அரிச்சுப் போயிருக்குது, வெட்டி எடுத்துட்டுப் புதுசு வெச்சுப் பத்த வெக்கோணும். என் டிங்கர் ஆளு இவ்வளவு தூரம் வருவானா? பெயிண்டு அடிக்கறப்ப தோட்டத்துத் தூசி வந்து ஒட்டினா எல்லாம் பாழ். இப்பவே புரட்டாசி. ஜனவரி ஊர்வலத்துக்கு இன்னும் எத்தனை நாள் இருக்குது சொல்லுங்க. பட்டறையில வெச்சு ராப்பகலாப் பாத்தாத்தான் ஆகும். அங்க ஷெட்டுல வெச்சு, நடுவுல சோறு, பேச்சுன்னு போனா மூணு வருசம் ஆயிரும்.

மூணு வருசம் ஆனா என்னங்கறீங்களா.

அதுவும் சரிதான். ஆனா யோசிச்சுப் பாருங்க, நான் எந்த மொகத்தை வெச்சுக்கிட்டு அங்க உக்காந்து சாப்புடறது? அந்தம்மா எதுத்தாப்பல உக்காந்திருக்கும். வண்டிக்காகத்தான் வந்தேன்னு நான் வாயால சொன்னதுக்கப்பறம், இனி எத்தனை தடவை போனாலும் அது எனக்கும் தெரியும், அதுக்கும் தெரியும். அந்தம்மாவுக்கு அது பெருசில்லைங்கலாம். எனக்குக் கஷ்டமா இருக்குதுங்க. அதை நெனச்சா வண்டியே வேண்டாம், மெட்ராஸ்காரனே எடுத்துட்டுப் போகட்டும்னு தோணுது. அப்பறம் அவன் என்ன பண்ணுவான்? நல்ல வண்டியைக் கல்யாண மண்டப வாசல்ல போட்டோ எடுக்க நிறுத்துவான். குழந்தைவேலு வண்டி எவனோ ஒருத்தன்கிட்ட போறதுக்கு நம்மகிட்ட இருந்தா என்ன? வேலை முடிஞ்சதும் மொதல் ரவுண்டு மயிலாத்தாளைத்தான் உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போவேன். அதை நான் முடிவே பண்ணிட்டேன். ஊர்வலம் முடியறதுக்கும் வருசம் திரும்பறதுக்கும் சரியா இருக்கும், வெளிய வரலாம். கோயிலுக்குக் கூட்டிட்டுப் போலாம். அப்ப எல்லாம் சரியாயிரும்.

இங்க லெஃப்டுல திரும்பணும். ரோடு சின்னதுதான், உங்க வண்டி போகும். கல்லாங்காட்டுப்புதூர்னு போர்டு இருக்கும், பாதி அழிஞ்சிருக்கும். அந்தக் கரண்டுக் காத்தாடி தெரியுது பாருங்க, அதுக்கு நேரா.

மெதுவா, மெதுவா. அந்த வாய்க்கால் பாலத்துகிட்ட நிறுத்துங்க. இல்லீங்க, வீடு இன்னும் தள்ளி. இங்கயே நிறுத்துங்க சொல்றேன்.

அதோ தெரியுது பாருங்க, ஓட்டு வீடு, பக்கத்துல தகர ஷெட்டு. வண்டியை வெளிய தள்ளி நிறுத்தியிருக்குது. கழுவியிருக்குது, வெயில்ல மின்னுது. தோட்டத்து ஆளை வெச்சுத் தள்ளியிருப்பாங்க. லைட்டு வளையமெல்லாம் போட்டிருக்குது. பாத்தீங்களா, இங்கிருந்தே தெரியுது. வைப்பரும் இருக்குது. கழட்டின கையாலயே எல்லாத்தையும் திருப்பி மாட்டியிருக்குது. எனக்குக் குடுத்த வளையத்தையும் கைப்புடியையும் சிவநேசன்தான் போன மாசம் ஊருக்கு வந்தப்ப என் கடையிலிருந்து வாங்கிட்டுப் போனான், எதுக்குன்னு நான் கேக்கலை.

வாசல்ல நிக்கறது அதுதான். கையை நெத்திக்கு மேல வெச்சு ரோட்டைப் பாக்குது. நம்ம வண்டி சத்தம் கேட்டிருக்கும்.

தம்பி, ஒண்ணு பண்ணுங்க. நீங்க மட்டும் போங்க. வண்டியை ஏத்திட்டு வந்துருங்க. ஆமாங்க, எடுத்துக்கறேன். முடிவு பண்ணிட்டேன். மகன்கிட்ட எல்லாம் பேசியாச்சு, சாவி அந்தம்மா குடுப்பாங்க. முன்னாடி மூஞ்சியில எங்கயும் கொக்கி மாட்டாதீங்க, கவுந்துரும். அடியில சேஸிஸ்ல போட்டு விஞ்ச்சுல மெதுவா இழுங்க. டயருக்குக் கட்டை வெச்சு நல்லாக் கட்டுங்க. பின்கதவு தானாத் தொறந்துக்கும், ஒரு கயிறு போட்டுருங்க.

சாப்புடச் சொல்லுவாங்க. எலை போட்டு வெச்சிருப்பாங்க. வேண்டாங்காதீங்க, உக்காந்து சாப்புடுங்க. எனக்காகத்தான் ஆக்கியிருக்கும், அதனாலென்ன, நீங்க சாப்புடுங்க. அவசரப்படாதீங்க. ஏதாச்சும் பேசினா கேட்டுக்கங்க. பேரனைப் பத்திச் சொல்லுவாங்க.

அண்ணன் வரலீங்களான்னு கேப்பாங்க. வரலைன்னு சொல்லிருங்க. கடையில அவசரம், என்னை மட்டும் அனுப்பிச்சாருன்னு சொல்லுங்க. பொய்யில்லீங்க, கடையில வேலை இருக்கத்தான் இருக்குது.

நான் இந்தப் பாலத்துக்குக் கீழ நெழல்ல உக்காந்துக்கறேன். அங்கிருந்து பாத்தா தெரியாது. திரும்பி வர்றப்ப நிறுத்தி என்னை ஏத்திக்கங்க. ஆரன் மட்டும் அடிச்சுராதீங்க தம்பி, அங்க வரைக்கும் கேக்கும்.